ஒன்றரை மணி நேர வெளிச்சம்

பெருமாநல்லூர்
8.6.2024

அன்புள்ள மாமாவுக்கு, ஜெயசுதா எழுதுவது.

நானும் கவிப்பிரியாவும் சுகமாக இருக்கிறோம். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா, சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா என்று தெரிய வேண்டும். மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதத்துக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. நான் கடைசியாக எழுதியது பள்ளிக்கூடத்து லீவு லெட்டர். தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள்.

கவிப்பிரியாவுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அப்பா அமராவதி நகர்ப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு உண்மை தெரியும்.

நேற்று சாயங்காலம் பில்டிங்கார கன்னையன் வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க அம்மிணி, மோகன்ராஜ் எங்கீங்க? இந்த மாசம் எமர்ஜென்சி லைட்டு டெஸ்ட் இன்னும் ஆகலீங்களே. ஆகஸ்ட்ல ஃபயர் ஆடிட் வருதுங்க. வாடகைக்கு இருக்கற கம்பெனிக்காரங்க என்னைய நெருக்கறாங்க. வேற ஆளைப் பாக்கட்டுங்களா?" என்றார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேண்டாமுங்க, நானே வந்து பாத்துத் தர்றனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்களா?"

"செக்கிங்ல பன்னெண்டு வருசமா பனியன்ல ஓட்டை பாக்கறனுங்க. லைட்டு எரியுதா இல்லையான்னு பாக்க மாட்டனுங்களா?"

அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். அவர் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. என்ன செய்யவேண்டும், எங்கே தொடங்கவேண்டும் என்று எழுதுங்கள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சுதா

*

அமராவதி நகர்
17.6.2024

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் இருக்கிறேன். குடிக்காமல் முதல் பத்து நாள் எப்படிப் போயிற்று என்று எழுதப்போவதில்லை. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். நேற்றிலிருந்து இட்லி தங்குகிறது. குழந்தையிடம் அப்பா கேட்டதாகச் சொல்.

அந்தக் கட்டடத்துக்குள் நீ போனதில்லை, அதனால் சொல்கிறேன். கீழே துணிக் குடோன். முதல் மாடி தையல், இரண்டாம் மாடி பேக்கிங், மூன்றாம் மாடி வேலைக்குப் போகும் பெண்களின் ஹாஸ்டல். படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. பகலில் கரண்ட் போனாலும் இருட்டுதான். அதற்காகப் படியிலும் வழியிலுமாக இருபத்தெட்டு லைட். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறும், போனால் தானாக எரியும்.

மாதம் ஒரு தடவை கரண்டை நிறுத்தி, எல்லாம் எரிகிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டு வரவேண்டும். அது சின்ன டெஸ்ட். வருடத்துக்கு ஒரு தடவை, விடாமல் ஒன்றரை மணி நேரம் எரிகிறதா என்று பார்க்கவேண்டும். அந்தப் பெரிய டெஸ்ட்டை ஜனவரியிலேயே முடித்து ரிஜிஸ்டரில் எழுதிவிட்டேன். அது உனக்கு வேண்டாம். எல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. நீ ஒரு சுற்றுப் போய் வந்து டிக் போட்டுக் கொடுத்தால் போதும்.

வயரிங்கில் மட்டும் கை வைக்காதே. அப்படி ஏதாவது என்றால் எலக்ட்ரீசியன் இளங்கோவைக் கூப்பிடு, அவனுக்கு லைசென்ஸ் இருக்கிறது.

இங்கே காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள். அணைப் பக்கத்திலிருந்து நல்ல காற்று வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு.

மோகன்ராஜ்

*

பெருமாநல்லூர்
7.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இட்லி தங்குகிறது என்று படித்தபோது எனக்கே பசித்தது. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கவிப்பிரியாவுக்கு இரண்டு நாள் சளி இருந்தது, சரியாகிவிட்டது.

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். தையல் மாடியும் பேக்கிங் மாடியும் லீவு. கரண்டை நிறுத்தும் ஸ்விட்சைக் கீழே இறக்கினேன். வெளியே பளீரென்று வெயில் அடிக்கிறது, உள்ளே என் கை எனக்குத் தெரியவில்லை. முதல் படியில் காலை வைக்கவே நேரம் ஆயிற்று. செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். மூன்றாம் மாடியில் ஹாஸ்டல் சமையற்காரம்மா கருத்தம்மா நின்றுகொண்டிருந்தார். விருதுநகர்ப் பக்கத்து ஆள். "யாரு யக்கா, கரண்ட்ட நிப்பாட்டுனது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், அவரும் என்கூடவே எல்லா மாடியும் வந்தார். நல்ல மனுஷி.

இருபத்தெட்டையும் பார்த்தேன்.

ரிஜிஸ்டரையும் படித்தேன். பதினாலு மாதப் பக்கங்கள். உங்கள் கையெழுத்து எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. ஒரே பேனா, ஒரே மாதிரி டிக்.

சில விஷயம் கேட்க வேண்டும். இந்தப் பேட்டரி சாதாரணமாக எத்தனை வருடம் வரும்? மூடியைக் கழற்ற எந்த ஸ்க்ரூடிரைவர் வேண்டும்? பேட்டரி எங்கே கிடைக்கும்? தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

வெந்நீரில் குளியுங்கள்.

சுதா

*

அமராவதி நகர்
15.7.2024

சுதாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றி உனக்கு என்ன கவலை? அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ரிஜிஸ்டரைப் பார்ப்பார்கள், வாசல் பக்கத்தில் இருக்கும் ஒன்றிரண்டை அமுக்கிப் பார்ப்பார்கள். அவை எரியும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பார். மூடியை எல்லாம் கழற்றிக்கொண்டிருக்காதே.

இங்கே தோட்டத்தில் எனக்குத் தக்காளிப் பாத்தி கொடுத்திருக்கிறார்கள்.

மோகன்ராஜ்

*

பெருமாநல்லூர்
11.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தக்காளி பூ விட்டதா? இந்த வருடம் வெளியில் தக்காளி நன்றாகவே இல்லை. அங்கேயாவது வரட்டும். உங்கள் எழுத்தில் நடுக்கம் குறைந்திருக்கிறது. கவிப்பிரியாதான் முதலில் பார்த்துச் சொன்னாள். உங்கள் கடிதத்தை அவள் புத்தகப் பைக்குள் வைத்திருக்கிறாள்.

போன கடிதம் வந்து நாலு வாரம் ஆகிறது. கம்பெனி வேலை, கன்னையன் கட்டடத்து வேலை இரண்டையும் பார்ப்பதில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. சில பேட்டரிகளை மாற்ற வேண்டியிருந்தது. கன்னையன் முதலில் கொஞ்சம் சத்தம் போட்டார், அப்புறம் வாங்கித் தந்தார். இளங்கோ அண்ணன் கூட இருந்து பார்த்துக்கொண்டார். மூடியை நானே கழற்றினேன். உள்ளே பல்லி முட்டை போட்டிருந்தது.

ஆடிட் ஏழாம் தேதி முடிந்தது. வந்த அம்மா வாசலோடு நிற்கவில்லை மாமா. ஹாஸ்டல் வரைக்கும் ஏறி, அவர் விரல் காட்டிய லைட்டை எல்லாம் அமுக்கச் சொன்னார். எரிந்தன.

வேறு விசேஷம் இல்லை. இருபத்தைந்தாம் தேதி சந்திப்பு நாள் என்று இல்லத்திலிருந்து சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது. இளங்கோ அண்ணன் வருவார். தப்பாக நினைக்காதீர்கள்.

சுதா

*

அமராவதி நகர்
27.8.2024

அன்புள்ள சுதாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? என் உடம்பு சுகம். மனம் அப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். இளங்கோ வருவான் என்று நீ எழுதியிருந்தாலும், நீ வருவாய் என்று ஒரு நினைப்பு. வந்தவன் அவன் மட்டும்தான். உனக்கு என்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அதை அவனிடமே கேட்டேன்.

"வெறுப்பா? மாப்ள, அவ இப்ப அந்தப் படிக்கட்டுல உக்காந்து பெரிய டெஸ்ட் பண்ணிட்டு இருக்கறா. ஞாயித்துக்கெழமைதான் கட்டடம் காலியா இருக்கும்னு இன்னிக்கு வரலை" என்றான்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். நீ முதல் நாள் ஸ்விட்சை இறக்கியபோது இருபத்தெட்டில் ஒன்பதுதான் எரிந்தது. பத்தொன்பது எரியவில்லை. கன்னையன், "மாசாமாசம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தானுங்களே, ஒரே மாசத்துல எப்படீங்க பத்தொம்பதும் போகும்?" என்று கேட்டதற்கு, நீ, "இந்த வருச வெயிலுங்க, பேட்டரி தாங்கலீங்க" என்றாயாம். பத்தொன்பதையும் மாற்றி, அத்தனையும் எரிவதைப் பார்த்த பிறகுதான் ரிஜிஸ்டரில் கை வைத்தாயாம். அதுவரைக்கும் கன்னையன் நாலு தடவை ஆள் அனுப்பியும் கையெழுத்துப் போடவில்லையாம். "இருபது வருசமா இந்த வேலை பாக்கறேன், இப்படி ஒருத்தியப் பாத்ததில்லை மாப்ள" என்று இளங்கோ சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தக்காளிச் செடியைப் பார்த்தான்.

சுதா, நீ என்னிடம் பேட்டரி எத்தனை வருடம் வரும் என்று கேட்டாய். ஸ்க்ரூடிரைவர் எது என்று கேட்டாய். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லவேண்டும்.

பதினாலு மாதமாக நான் அந்தப் படியில் ஏறவில்லை. வாசலில் இருக்கும் இரண்டை அமுக்கிப் பார்ப்பேன். வண்டி சீட்டில் ரிஜிஸ்டரை வைத்து டிக் போடுவேன். ஜனவரியில் ஒன்றரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அந்த ஒன்றரை மணி நேரமும் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று உனக்கே தெரியும்.

மேலே அத்தனை பெண் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். இதைவிட வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மோகன்ராஜ்

*

பெருமாநல்லூர்
5.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில், வேளைக்குச் சாப்பிடுங்கள். கடிதத்தைப் படித்ததும் அந்தக் கவலைதான் வந்தது. நாங்கள் இருவரும் சுகம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும். கருத்தம்மா, "நான் இங்க வந்து ஒரு வருசம் ஆச்சு யக்கா, இந்த லைட்டு எரிஞ்சு கண்டதே இல்ல" என்றார். ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் இல்லாமல் இல்லை. எழுதினால் அது வந்துவிடும். அப்போது நீங்கள் அங்கே போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் ஸ்க்ரூடிரைவரைப் பற்றி எழுதினேன்.

வெயில் என்று கன்னையனிடம் சொன்ன பொய் எனக்கு உறுத்துகிறது. பனியனில் ஓட்டை இருந்தால் ஓட்டை என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான். உங்கள் பெயர் கெடக்கூடாது என்று அந்த நேரத்தில் வாயில் வந்துவிட்டது.

இப்போது நல்ல விஷயம் சொல்கிறேன். பெரிய டெஸ்ட் செய்தேன். இருபத்தெட்டையும் ஒரே நாளில் எரியவிட்டால் எல்லாப் பேட்டரியும் காலியாகிவிடும். அன்றைக்கே கரண்ட் போனால் ஹாஸ்டல் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். ஒன்றுவிட்டு ஒன்றாக லைட்டின் ப்ளக்கைப் பிடுங்கி, அவற்றை மட்டும் பேட்டரியில் எரியவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி பதினாலு, போன ஞாயிறு மீதிப் பதினாலு. இளங்கோ அண்ணன் இதைக் கேட்டு, "இது யாரு சொல்லிக் குடுத்தது அம்மிணி?" என்றார். யாரும் இல்லை.

அன்றைக்குப் படியில் கருத்தம்மா பூண்டு உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. ஐம்பத்திரண்டாவது நிமிடம் ஆறாம் நம்பர் லைட் மஞ்சளாகி அணைந்தது. புதுப் பேட்டரிதான், ஆனாலும் மோசம். திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். மற்றவை எல்லாம் தொண்ணூறு நிமிடமும் நின்றன. நேரம் முடிந்ததும் கருத்தம்மா கை தட்டினார். நானும் தட்டினேன். காலிக் கட்டடத்தில் இரண்டு பேர் கை தட்டிக்கொண்டு நின்றோம்.

அடுத்த சந்திப்பு நாளுக்கு நானும் குழந்தையும் வருகிறோம்.

சுதா

*

அமராவதி நகர்
16.9.2024

அன்புள்ள சுதாவுக்கு,

நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

அந்தக் கை தட்டலை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் என்ன என்று கேட்டார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றுவிட்டு ஒன்றாகச் செய்யவேண்டும் என்று ஐடிஐ படித்த எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை சுதா. வேலை தெரிந்தவன் என்று ஊருக்குள் பெயர் எனக்கு. உனக்கு இருபத்தெட்டு விளக்கும் இருபத்தெட்டு ஆளாகத் தெரிகிறது. எனக்கு இருபத்தெட்டு டிக்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். கன்னையனுக்கு இன்று கடிதம் போட்டேன். வெயில் இல்லை, நான்தான் என்று எழுதிவிட்டேன். உன் பொய்யை நீ சுமக்கக்கூடாது. அது என்னுடையது. அந்த வேலை நம் கையைவிட்டுப் போகலாம். போலீசுக்குக்கூட அவர் போகலாம். அதற்கும் தயாராகத்தான் எழுதினேன்.

மோகன்ராஜ்

*

அமராவதி நகர்
4.10.2024

சுதாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? சந்திப்பு நாளுக்கு நீ வரவில்லை. கடிதமும் இல்லை. பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி இருக்கும் வாடகைக் கட்டடத்தில் தீ என்று பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. எந்தக் கட்டடம் என்று போடவில்லை. இல்லத்து ஆலோசகர் சார் எனக்காக உனக்குப் போன் போட்டார். "நல்லா இருக்கோமுங்க, லெட்டர் போடறேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாயாம்.

நான் எழுதிய கடிதத்தால் ஏதாவது ஆயிற்றா? எதுவாக இருந்தாலும் எழுது. என்னால் தாங்க முடியும். இதற்கு முன்னால் அப்படி உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மோகன்ராஜ்

*

பெருமாநல்லூர்
12.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அதை முதலில் நம்புங்கள். அப்புறம் மேலே படியுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்து இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, கன்னையன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏமாத்திட்டீங்க அம்மிணி. அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க வர வேண்டாமுங்க" என்று சொல்லி ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டு போனார். நியாயம்தான்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு இடியும் மழையும். எங்கள் கம்பெனியில் யாரோ, கன்னையன் கட்டடத்தில் புகை என்று சொன்னார்கள். டேபிளில் கிடந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். குடோனுக்குப் பின்னால் இருக்கும் மெயின் போர்டு எரிந்திருக்கிறது. ஜெனரேட்டர் லைனும் அதன் வழியாகத்தான் போகிறது. மூன்று மாடிக்கும் கரண்ட் இல்லை. தையல் மாடி, பேக்கிங் மாடி, ஷிப்ட் முடிந்து வந்திருந்த ஹாஸ்டல் பிள்ளைகள், எல்லாம் சேர்ந்து நூற்று அறுபத்து மூன்று பேர் உள்ளே.

நான் போனபோது அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள் மாமா. முன்னால் போகிறவள் தோளில் கை வைத்துக்கொண்டு, வரிசையாக. சிலர் டிபன் பாக்சைக்கூட விடவில்லை. கதவுக்குள்ளே எட்டிப் பார்த்தேன். படிக்கட்டு முழுக்க வெளிச்சம். லேசாகப் புகை இருந்தது, அதற்குள்ளும் ஒவ்வொரு படியும் தெரிந்தது. நான் அங்கேயே நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று லைட்டை எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒருத்தி என்னை இழுத்து வெளியே விட்டாள்.

கருத்தம்மா கடைசியாக வந்தார். மேல் மாடியில் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "வெளிச்சம் இருந்துச்சு யக்கா. அதனால யாரும் ஓடல, யாரும் யாரையும் தள்ளல. நான் சொன்னதக் கேட்டு நடந்து வந்தாளுக" என்றார். அந்த அம்மாவின் நெஞ்சுரத்தை என்னவென்று சொல்வது? ஒரு வார்த்தை அதட்டாமல் நாற்பது பிள்ளைகளைக் கீழே இறக்கியிருக்கிறார். தீயணைப்புக்காரர்கள் ஒவ்வொரு மாடியாகத் தேடி முடித்து இறங்கும்வரை லைட் நின்றது. நான் மழையில் நின்று நேரம் பார்த்தேன். எழுபத்தாறு நிமிடம்.

இனி எழுதப்போவதுதான் இத்தனை நாள் எழுத வராதது. இருபத்து மூன்றாம் நம்பர் எரியவில்லை. ஹாஸ்டலில் துணி துவைக்கும் இடத்துக்கு வெளியே இருப்பது. ஜோதிகா என்று ஒரு பிள்ளை, வயது இருபது, அங்கே இருட்டில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்துவிட்டது. தையல்காரி மாமா, வலது கை. பதினைந்தாம் தேதி டெஸ்டில் அந்த லைட் எரிந்தது. நானே பார்த்தேன். அப்புறம் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரம், துரு. காயப்போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கிறது. மேலே கொடி கட்டியிருப்பதை நான் கவனிக்கவில்லை. அவளுடைய அம்மா அப்பா ஊரிலிருந்து வரும்வரை ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தேன். அப்புறமும் தினம் போய்வந்தேன். அதனால்தான் வரவில்லை, எழுதவில்லை.

கன்னையன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சட்டைப் பையில் உங்கள் கடிதம் இருந்தது. "மோகன்ராஜ் மேல கேஸ் குடுக்கறதுன்னுதான் இருந்தனுங்க. இந்த லைட்டு பழைய மாதிரியே கெடந்திருந்தா, இன்னிக்கு இத்தன பொம்பளப் பிள்ளைகளுக்கு நானு என்னங்க பதில் சொல்லுவேன்?" என்று சொல்லி, நின்றபடியே அழுதார். பிறகு, "வேலைய நீங்களே பாருங்க அம்மிணி. அவரும் வரட்டும், செய்யட்டும். ஆனா ரிஜிஸ்டர்ல கையெழுத்து நீங்கதான். அவுரு போடக்கூடாதுங்க" என்றார்.

உங்களுக்கு இது வருத்தமாக இருக்கும். மறைக்கக்கூடாது என்று எழுதிவிட்டேன்.

சுதா

*

அமராவதி நகர்
21.10.2024

அன்புள்ள சுதாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மழையில் நனைந்ததாக எழுதியிருக்கிறாய், காய்ச்சல் ஏதும் இல்லையே? ஜோதிகாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்றா?

உன் கடிதத்தைத் தோட்டத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் குடிக்கவேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். நாலரை மாதத்தில் அவ்வளவு பலமாக வந்ததில்லை. எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் ஊற்றினேன், மழை பெய்த தரையில். ஆலோசகர் சார் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அது போய்விட்டது. எழுபத்தாறு நிமிடம் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

இருபத்து மூன்றாம் நம்பரைப் பற்றி. ஈரம் படுகிற இடத்தில் தண்ணீர் புகாத மூடி போட்ட லைட் வைக்க வேண்டும். அது மாட்டியவன் செய்யவேண்டியது. அதை மாட்டியவன் நான். நீ சோதித்த அன்று அது எரிந்தது, நீ எரிகிறது என்று எழுதினாய். அது பொய் இல்லை. அந்தப் பிள்ளையின் கை உன் கணக்கில் வராது. புது லைட்டைக் கதவுக்கு இந்தப் பக்கம், கொடிக்கு எட்டாத இடத்தில் மாட்டச் சொல்லி இளங்கோவிடம் சொல். கீழே படம் வரைந்திருக்கிறேன். கோடு நேராக வந்திருக்கிறதா பார்.

கையெழுத்து விஷயம். எனக்கு வருத்தம் இருக்கும் என்று எழுதியிருந்தாய். இல்லை சுதா. இங்கே கூட்டத்தில் எல்லோரும் அவரவர் கதையைச் சொல்வார்கள். நேற்று நான் என் கதையைச் சொல்லவில்லை. உன்னுடையதைச் சொன்னேன். முப்பது ஆண்பிள்ளைகள் கேட்டார்கள். ஊத்துக்குளிக்காரர் ஒருவர், "ஏனுங்க, அவங்களே வந்து நம்ம எடத்து லைட்டையும் பாப்பாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் எழுந்து போய், எங்கள் படிக்கட்டு லைட்டை அமுக்கிப் பார்த்தேன். எரியவில்லை. சாரிடம் சொன்னேன். நாளைக்குப் பேட்டரி வருகிறது.

கவிப்பிரியாவுக்கு என் அன்பு.

மோகன்ராஜ்

*

பெருமாநல்லூர்
20.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் படத்தில் கோடு நேராக இருக்கிறது. கவிப்பிரியா ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டாள். அதன்படியே லைட்டை மாட்டியாயிற்று.

ஜோதிகா கட்டுப் பிரித்துவிட்டாள். விரல் இன்னும் முழுக்க மடங்கவில்லை. தையலுக்குத் திரும்ப இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரைக்கும் பேக்கிங் மாடியில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கச் சொல்லிப் பேசியிருக்கிறேன். ஒத்துக்கொண்டார்கள். கன்னையன் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய இன்னொரு கட்டடத்தையும் பார்க்கச் சொல்கிறார். கம்பெனி வேலையோடு முடியாது. நீங்கள் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

முப்பதாம் தேதி சனிக்கிழமை உங்களை அனுப்புகிறார்கள் என்று கடிதம் வந்தது. காலையிலேயே நாங்கள் இருவரும் அங்கே வந்துவிடுவோம். உடுமலை வழியாகப் பஸ்சில் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். நேராக வீட்டுக்குத்தான் வருகிறோம். வழியில் யாரையும் பார்க்க வேண்டாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கு டிசம்பர் மாத டெஸ்ட் இருக்கிறது. புது ரிஜிஸ்டர் போட்டிருக்கிறேன். அதில் சோதித்தவர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் உடனிருந்தவர் என்று ஒரு கட்டம். போன இரண்டு மாதம் கருத்தம்மா அதில் கையெழுத்துப் போட்டார். டிசம்பருக்கு உங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

பெயர் மட்டும்தான். கையெழுத்தை, மூன்று மாடியும் என்னோடு ஏறி இறங்கிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுதா